விண்கலத்துக்கு ஒரு பல் சிஸ்டர்

எங்கள் ஊரில் பல் பிடுங்கிக்கொண்ட யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். டாக்டரின் முகம் ஞாபகம் இருக்காது. நாற்காலிக்கு இடது பக்கம் நின்று, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருந்த அந்த அம்மாளின் முகம்தான் ஞாபகம் இருக்கும். வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடக்கிறபோது பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது? மேலே ஒரு விளக்கு, பக்கத்தில் அந்த முகம். ஊசி வலிக்குமா, பல் வேரோடு வருமா, பாதியில் உடையுமா என்று அந்த முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள எங்கள் ஆண்டர்சன்பேட்டையே முயன்றிருக்கிறது. ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்ததில்லை.

அவர் நர்ஸ் படித்தவர் இல்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்ததால் ஊர் அவரை சிஸ்டர் என்று கூப்பிட்டது. நானும் அப்படித்தான். ஏறக்குறைய என் வயது, நாற்பத்தைந்து இருக்கும். ஒல்லியான உடம்பு. மற்றவர்களைவிட இமைகள் கொஞ்சம் மெதுவாக மூடித் திறக்கும். சிரிக்கவே மாட்டார் என்று சொல்ல முடியாது. இதோ சிரிக்கப்போகிறார் என்று நாம் நினைக்கிற இடத்தில் முகம் அப்படியே நின்றுவிடும். கோபமும் அதே இடத்தில் வந்து நின்றுவிடும். அதனால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஒருமுறை அவர் குடியிருந்த லைன் வீட்டு வரிசையில் இரண்டு வீட்டாருக்குள் தண்ணீர்க் குழாயை முன்னிட்டுப் பெரிய சண்டை. முதல் வீட்டுக்காரி வந்து சிஸ்டரிடம் அரைமணி நேரம் அழுதுவிட்டுப் போனாள். இரண்டாவது வீட்டுக்காரி வந்து முக்கால் மணி நேரம் அழுதுவிட்டுப் போனாள். மறுநாள் குழாயடியில், "சிஸ்டர் என் பக்கம்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஆள் அனுப்பிக் கேட்டார்கள். "நான் காபிதான் போட்டுக் குடுத்தேன்" என்றார் சிஸ்டர். தேர்தல் சமயத்தில் மூன்று கட்சிக்காரர்கள் அவர் ஓட்டைத் தங்கள் கணக்கில் எழுதி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒரே பதில்தான். "பாக்கலாம்." மழை வருமா? பாக்கலாம். பிள்ளை பாஸாகுமா? பாக்கலாம். அதைக் கேட்டு நம்பிக்கையோடு போனவர்களும் உண்டு, விழுந்தடித்துக்கொண்டு ஓடியவர்களும் உண்டு.

நான் சத்தத்தால் பிழைத்தவன். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு துணிக்கடைத் தள்ளுபடி, ரத்ததான முகாம், காணாமல்போன எருமை என்று எல்லாவற்றையும் ஊர் முழுக்கச் சொல்லி வருவேன். அதுபோக, எங்கள் தெருவில் புத்த பூர்ணிமாவுக்குப் போடும் நாடகத்தில் வருஷா வருஷம் மாரன் வேஷம் எனக்குத்தான். புத்தரின் தவத்தைக் கலைக்க வருகிற மாரன். நான் சிரிக்கிற சிரிப்பில் புத்தராக உட்கார்ந்திருப்பவர் ஒருமுறை நிஜமாகவே எழுந்து போய்விட்டார். அதை என் நடிப்புக்குக் கிடைத்த பரிசாக நான் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் பெங்களூரிலிருந்து ஒரு டைரக்டர் வந்தார். ஒரு சின்ன சேனலுக்கு விண்வெளித் தொடர் எடுக்கிறார். பூமியை விட்டுப் போன ஒரு கலம் ஏதோ ஒரு கிரகத்தில் இறங்கிவிடுகிறது. அந்தக் கிரகமாக நடிக்க எங்கள் சயனைடு மேட்டைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் இல்லை என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தங்கம் எடுத்தபின் அரைத்த கல்தூளைக் கொட்டிக் கொட்டி வளர்ந்த மலை. புல் முளைக்காது. ஒருமுறை காற்றடித்தால் போதும், நாங்கள் எல்லோருமே வேற்றுக் கிரகவாசிகள் மாதிரி ஆகிவிடுவோம்.

மூடிக்கிடந்த கல்யாண மண்டபத்தில் நடிகர் தேர்வு. கலத்தின் டாக்டர் பாத்திரத்துக்கு ஆள் தேடினார். ஆணா பெண்ணா என்றுகூட முடிவு செய்திருக்கவில்லை.

"இந்தக் கதையில வில்லன் கெடையாது சார்" என்றார் டைரக்டர். "காத்து கம்மி, ஆளு ஜாஸ்தி. இந்த டாக்டர் யாரக் காப்பாத்துவாங்க, யாரக் கைவிடுவாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்ல முடியக்கூடாது. அந்த மாதிரி ஒரு மூஞ்சி வேணும்."

நான் மாரன் சிரிப்பைச் சிரித்துக் காட்டினேன். மண்டபத்துக் கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன. டைரக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். உருகிவிட்டார் என்று நினைத்து இன்னொருமுறை சிரித்தேன்.

"ஐயா, போதும். பல்லு" என்றார்.

கடைவாயில் வீக்கம். மூன்று நாளாகத் தூக்கமில்லையாம். நான்தான் என் ஆட்டோவில் ஏற்றி சிஸ்டர் வேலை பார்த்த கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். அந்த உதவியை நினைத்துப் பிற்பாடு எத்தனையோ நாள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

டைரக்டர் நாற்காலியில் சாய்ந்தார். சிஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"வலிக்காது" என்றார்.

"நெஜமாவா?"

சிஸ்டர் ஒருமுறை இமைத்தார். அவ்வளவுதான். டைரக்டர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தார். ஊசி போன வேகத்தில் அவருடைய இரண்டு கால்களும் நாற்காலியை விட்டு மேலே போயின.

பல் போய், பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வலிக்காதுன்னு ஏன் சொன்னீங்க?"

"வலிக்கும்னா வாயத் தெறந்திருப்பீங்களா?"

டைரக்டர் பஞ்சோடு என் பக்கம் திரும்பினார். அது பொய்யா, மருந்தா என்று தனக்குத் தெரியவில்லை என்று என்னிடம் மூன்று முறை சொன்னார். வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து, "நீங்க என் சீரியல்ல நடிக்கிறீங்களா?" என்றார்.

"பாக்கலாம்" என்றார் சிஸ்டர்.

டாக்டர் பாத்திரம் அவருக்குப் போனது. எனக்குக் கொடுத்த வேலை வசனம் எடுத்துக்கொடுப்பது. பெங்களூரிலிருந்து வந்த ஹீரோவுக்குத் தமிழ் வராது, எனக்குக் கன்னடமும் தெரியும். கேமராவுக்குக் கீழே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக நான் சொல்லவேண்டும், நடிகர்கள் அதைத் திருப்பிச் சொல்லி நடிக்கவேண்டும். குரலைப் பிறகு தனியாகப் பதிந்துகொள்வார்கள். ஆறு வருஷம் மாரனாக நின்றவன் முக்காலியில் உட்கார்ந்தேன்.

மண்டபம் விண்கலமானது. சுவர் முழுக்க முட்டை அட்டைக்கு வெள்ளிச் சாயம். வாஷிங் மெஷின் கதவுகள்தான் ஜன்னல்கள். பல் டாக்டர் ரொம்ப உற்சாகமாகிவிட்டார். தன்னிடம் இருந்த பழைய நாற்காலியை அனுப்பிவைத்தார், அது கலத்தின் ஆஸ்பத்திரிக் கட்டிலானது. சிஸ்டருக்கு மாலையில் சீக்கிரம் கிளம்ப அனுமதியும் கொடுத்தார்.

ஹீரோ நல்ல மனிதர். ஆனால் அவர் நடிப்பு முழுக்கப் புருவத்தில் இருந்தது. அதிர்ச்சிக்கு இடது புருவம், சந்தேகத்துக்கு வலது புருவம், காதலுக்கு இரண்டும். எதையும் மூன்றுமுறை திரும்பிப் பார்ப்பார். கேமராவும் மூன்றுமுறை அவரை நோக்கி ஓடும். நானும் அவருக்கு ஏற்றமாதிரி வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு, கண்ணீர் வேண்டிய இடத்தில் கண்ணீரோடு எடுத்துக்கொடுப்பேன். அவர் தட்டிக்கொடுப்பார்.

முதல் நாள் சிஸ்டருக்கும் அப்படித்தான் படித்தேன். பன்னிரண்டு வரி. காற்றுத் தொட்டி ஓட்டையாகிவிட்டது, எல்லோரும் பிழைக்கமாட்டார்கள் என்று ஹீரோவிடம் சொல்லவேண்டிய காட்சி. நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு முதல் வரியைச் சொன்னேன்.

சிஸ்டர் கேமராவைத் தாண்டி என்னைக் குனிந்து பார்த்தார். "யப்பா, நீ மொட்டையா படி. நீயே எல்லாத்தையும் அழுது முடிச்சிட்டா நான் இன்னா பண்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் மொட்டையாகப் படித்தேன். பன்னிரண்டு வரியையும் கேட்டுக்கொண்டார். பிறகு அந்தப் பக்கம் இருந்த தொட்டியில் கை கழுவினார். ஒவ்வொரு விரலாக, கிளினிக்கில் கழுவுகிற மாதிரியே. துடைத்தார். ஹீரோவைப் பார்த்து, "எத்தினி பேரு கீறோம்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வரி பன்னிரண்டில் ஏழாவது. மற்ற பதினொன்றையும் காணோம். ஆனால் ஹீரோ புருவத்தைத் தூக்கவே மறந்துவிட்டார். முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு நிஜமான பயம் வந்தது. டைரக்டர் மானிட்டர் அறையிலிருந்து ஓடிவந்து சிஸ்டரின் காலைத் தொடப் போனார். சிஸ்டர் காலை இழுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்குள் புகைச்சல். நான் தொண்டை கிழியக் கத்தி வாங்காத கைத்தட்டலை இந்த அம்மாள் சும்மா நின்று வாங்குகிறாரே. மொட்டையாகப் படி என்று எல்லோர் எதிரிலும் சொன்னது வேறு உள்ளே குத்திக்கொண்டிருந்தது. ஒருநாளாவது தடுமாறவேண்டும், முழிக்கவேண்டும், "எனக்கு வரலப்பா" என்று சொல்லவேண்டும். அதைப் பார்க்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

அந்த நாளும் வந்தது. கலத்தின் சமையல்காரர் நோயில் கிடக்கிறார். அந்த வேஷம் போட்டவர் எங்கள் ஊர்ப் பேக்கரிக்காரர். குண்டான, கலகலப்பான மனிதர். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளெல்லாம் அவரை பன் மாமா என்றுதான் கூப்பிடும். அவர் பல் நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருக்க, சிஸ்டர் பக்கத்தில் நிற்கிறார். தாளில் இருந்த வரி: "உன்னைக் காப்பாத்த என்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சேன்." டைரக்டர் உள்ளறையில் மானிட்டர் முன்னால். கேமராக்காரர் கண்ணை எடுக்கவில்லை. வெளியே ஜெனரேட்டர் இரைச்சல். நான் சிஸ்டரின் முழங்காலுக்குப் பக்கத்தில்.

நான் வரியை மாற்றினேன். வேறு யார் காதிலும் விழக்கூடாது என்று பயந்து, வாய்க்குள்ளேயே, மூச்சு மாதிரி சொன்னேன். "உன்னைக் காப்பாத்த என்னால முடியும். ஆனா செய்யமாட்டேன்."

 இதோ என்னைப் பார்க்கப்போகிறார், "இன்னாது?" என்று கேட்கப்போகிறார், என் குட்டு உடையப்போகிறது என்று காத்திருந்தேன்.

சிஸ்டர் பார்க்கவில்லை. ஒருமுறை இமைத்தார். சமையல்காரரின் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிவிட்டார். தூங்குகிற பிள்ளைக்குச் செய்கிற மாதிரி. பிறகு, நான் சொன்ன அதே மூச்சில் சொன்னார்: "உன்னக் காப்பாத்த என்னால முடியும். ஆனா செய்யமாட்டேன்."

பேக்கரிக்காரர் கண்ணைத் திறந்துவிட்டார். திறக்கவே கூடாத கண். நிஜமாகவே பயந்துபோய், சிஸ்டரின் முகத்தைப் பார்த்தபடி கிடந்தார். யாரும் 'கட்' சொல்லவில்லை. எவ்வளவு நேரம் ஓடியதென்று தெரியாது. டைரக்டர் ஒற்றைச் செருப்போடு வெளியே வந்தார்.

"அந்த வரி எங்கேருந்து வந்திச்சு? யார் சொன்னது?"

முக்காலியில் எனக்கு உயிர் இல்லை.

"வாயில வந்திச்சு" என்றார் சிஸ்டர்.

அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கே கதை எழுதுகிறவருக்கு போன் போனது. அவர் முதலில் திட்டினார், பிறகு அழுதார், பிறகு மொத்தக் கதையையும் மாற்றி எழுதினார். அடுத்த வாரம் சமையல்காரர் செத்துப்போனார். ஆஸ்பத்திரிக் கதவு மூடுவதை மட்டும் காட்டினார்கள். உள்ளே என்ன நடந்ததென்று காட்டவில்லை.

தொடர் அதுவரைக்கும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரிக்குப் பிறகு எங்கள் ஊரில் பற்றிக்கொண்டது. காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போகிறவர்கள் சீட்டாட்டத்தை விட்டுவிட்டுச் சண்டை போட்டார்கள். காற்று மிச்சமாகட்டும், மற்றவர்கள் பிழைக்கட்டும் என்றுதான் டாக்டரம்மா அப்படிச் செய்தாள் என்று ஒரு பெட்டி. பழைய பகையைத் தீர்த்துக்கொண்டாள் என்று அடுத்த பெட்டி. அவள் கொல்லவேயில்லை, அவனே கதவை மூடச் சொல்லியிருப்பான் என்று பெண்கள் பெட்டி. மார்க்கெட்டில் மீன்காரம்மா சிஸ்டரின் பையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அந்தாள நீ கொன்னியா இல்லியா? சொல்லிட்டு மீனை எடு."

"நீ இன்னா நெனைக்கிறே?"

"நீ பண்ணியிருக்கமாட்டே. ஆனா உன் மூஞ்சியப் பாத்தா பண்ணியிருப்பேன்னும் தோணுது."

"அப்ப அரைக் கிலோ போடு" என்றார் சிஸ்டர்.

நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்த முகத்தையும் பார்த்தேன். வரி மாறியது இவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் என்னைக் காப்பாற்றினாரா, இல்லை பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறாரா? தினம் நாலைந்து மணி நேரம் அந்த முகத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். வரி எடுத்துக்கொடுப்பதற்கு நன்றி என்று ஒருநாள் எனக்கு டீகூட வாங்கிக் கொடுத்தார். அந்த டீயை ஜெனரேட்டருக்குப் பின்னால் போய்க் கொட்டிவிட்டு வந்தேன்.

தொல்லை பிள்ளைகளிடமிருந்து வந்தது. பன் மாமாவைக் கொன்ற டாக்டர் பல் கிளினிக்கில் இருக்கிறாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. கிளினிக் வாசலில் குழந்தைகள் தரையில் உருண்டு அழுதன. ஒரு பெண் குழந்தை பல்வலியோடு மூன்று தெரு ஓடி, பூட்டியிருந்த சர்ச் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது. பன் மாமா உயிரோடுதான் இருக்கிறார், கடையில்தான் நிற்கிறார் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பேக்கரிக்குப் போய் பன் வாங்குகிற பிள்ளைகளே, "மாமா, நீங்க எப்டி தப்பிச்சீங்க?" என்று ரகசியமாகக் கேட்டார்கள். அவர் சும்மா இருக்கக் கூடாதா? "கதவு இடுக்குல வந்துட்டேன்" என்று சொல்லி வைத்தார்.

பல் டாக்டர் பயந்த சுபாவக்காரர். ஒருநாள் சிஸ்டரிடம், கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டார். இருபது வருஷ வேலை. சிஸ்டர் கோட்டைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாராம். "அழுதாங்களா?" என்று டாக்டரைக் கேட்டேன். "எனக்கு அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி முழிக்கிறேன்?" என்றார் அவர்.

அன்று மத்தியானமே சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"சிஸ்டர், அந்த வரி தாள்ல இல்ல. நான்தான் மாத்திச் சொன்னேன். நீங்க தடுமாறணும்னு பண்ணேன். பொறாமை. என்னாலதான் உங்க வேலை போச்சு."

பீன்ஸை உடைக்கிற சத்தம் நிற்கவில்லை.

"தாள் எங்கிட்டயும் ஒண்ணு குடுத்தாங்களே. படிச்சிட்டுத்தான வந்தேன்" என்றார்.

 நின்றவன் உட்கார்ந்துவிட்டேன். "அப்ப தெரிஞ்சேதான் சொன்னீங்களா? அப்பவே என்னை மாட்டி வுட்டிருக்கலாமே?"

"மாட்டி வுட்டிருக்கலாம்." ஒரு பீன்ஸ் உடைந்தது. "எத்தினி நாளா நீ எனக்கு வரி சொல்றே? எல்லாத்தையும் மைக்ல சொல்ற மாதிரி சொல்லுவே. அன்னிக்கு மட்டும் நீ சத்தமே போடல. பயந்துகினு, மெதுவா, மனசுல இருக்கிறத சொன்னே. ரொம்ப நல்லா சொன்னேப்பா. அத வீணாக்க மனசு வரல."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான பாராட்டு அது. அதுவும் நான் செய்த ஒரே அயோக்கியத்தனத்துக்கு. எனக்கு அழுகை வந்தது, அழ ஆரம்பித்தால் சத்தமாக வந்துவிடுமோ என்று பயந்து அடக்கினேன். சிஸ்டர் பாதி பீன்ஸை என் பக்கம் தள்ளிவிட்டார்.

பீன்ஸ் முடிவதற்குள் எனக்கு ஒரு வழி தோன்றிவிட்டது. அங்கிருந்து நேரே பேக்கரிக்குப் போனேன். பன் மாமாவுக்கு வாய் நிறையச் சொத்தை, வேளாவேளைக்கு இனிப்பு தின்று வளர்த்தது. பல் டாக்டர் என்றால் உயிரே போய்விடும். "உன்னாலதான் பசங்க பயந்துகினு கெடக்குது. 'கதவு இடுக்குல வந்தேன்'னு யாரு சொன்னது?" என்று ஒரே பிடியாகப் பிடித்தேன். ஒரு மணி நேரம் கெஞ்சி, கடைசியில் சரி என்றார்.

மறுநாள் காலையிலிருந்து என் ஆட்டோ ஊர் முழுக்கச் சுற்றியது. "விண்வெளியில் உயிர்விட்ட பன் மாமா அவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அதே டாக்டரம்மா கையால் பல் பிடுங்கிக்கொள்கிறார்! உயிரோடு எழுந்திருப்பாரா? நேரில் காணத் தவறாதீர்கள்!" பல் டாக்டருக்கு இது தெரிந்தபோது நான் மூன்றாவது சுற்று முடித்திருந்தேன்; வேறு வழியில்லாமல் அவரே சிஸ்டரைக் கூப்பிட்டனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் ஜன்னல் முழுக்கத் தலைகள். பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர். சிஸ்டர் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றார். பன் மாமா நாற்காலியில் ஏறும்போதே வியர்த்துக் கொட்டினார். சிஸ்டர் அவர் கழுத்தில் துண்டு கட்டினார், தொடரில் போர்வையை மூடிய அதே நிதானத்தோடு. வெளியே ஒரு குழந்தை வீல் என்றது.

"சிஸ்டர், ஒண்ணும் ஆவாதில்ல?" என்றார் பன் மாமா.

"பாக்கலாம்" என்றார் சிஸ்டர்.

அடுத்த பத்து நிமிஷமும் ஜன்னலை விட்டு ஒரு தலையும் நகரவில்லை. டாக்டர் இடுக்கியை இரண்டுமுறை மாற்றிப் பிடித்தார். சிஸ்டர் பிடித்திருந்த குழாய் அசையவில்லை. பல் வந்தது. பன் மாமா கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தார். அந்த மனிதருக்குள்ளும் ஒரு நடிகன் இருந்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். மற்றதையும் திறந்தார். எழுந்து நின்று, ரத்தப் பஞ்சோடு இரண்டு கையையும் தூக்கினார்.

அந்தக் கூச்சலை என் மைக்கில் ஒருநாளும் நான் போட்டதில்லை. பிள்ளைகள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து சிஸ்டரைச் சுற்றிக்கொண்டன. "எனுக்கு மொதல்ல! எனுக்கு!" என்று வாயைப் பிளந்து காட்டின. வலி இல்லாத பிள்ளைகளும் காட்டின. டாக்டர் ஆளுக்கொரு டோக்கன் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றுதான் சிஸ்டரின் முகம் அந்த நிற்கிற இடத்தில் நிற்காமல் வழுக்கிவிட்டது. சிரித்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. மேல்வரிசையில் ஓரப் பல் ஒன்று இல்லாததை அன்றுதான் நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

தொடர் அதற்குப் பிறகு நெடுநாள் ஓடவில்லை. டாக்டரம்மா எந்தப் பக்கம் என்று சொல்லப்போகிற கடைசிப் பகுதிகளை எடுப்பதற்குள் சேனல்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். மண்டபத்தில் முட்டை அட்டையைக் கழற்றிய அன்று டைரக்டர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். கதை எழுதியவருக்கே முடிவு தெரியாதாம். ரயிலில் சண்டை மட்டும் நிற்கவில்லை.

எனக்கு அதில் ஒரு வாழ்க்கை கிடைத்தது. டைரக்டரிடம் நானே போய் வரியை மாற்றிய கதையைச் சொன்னேன். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அந்த வரியை அதே மாதிரி திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இப்போது பெங்களூரில் டப்பிங் பேசுகிறேன். சாகப்போகிறவர்கள், மன்னிப்புக் கேட்கிறவர்கள், உள்ளுக்குள் ஒன்று வைத்துக்கொண்டு வெளியே ஒன்று பேசுகிறவர்கள். மெல்லிய குரல் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். என் தெருவில் யாரும் நம்புவதில்லை.

இரண்டு வருஷம் கழித்து சிஸ்டர் மைசூரில் இருக்கும் மகளோடு இருக்கப் போனார். மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்தான் போனேன். காலை வண்டி. ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். வண்டி கிளம்ப ஐந்து நிமிஷம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவரை அடையாளம் கண்டு ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். "சிஸ்டர், எனக்காச்சும் சொல்லிட்டுப் போங்க. அந்த டாக்டர் சமையல்காரனக் கொன்னாளா இல்லியா? நடிக்கிறப்போ மனசுல இன்னா வெச்சிருந்தீங்க?"

பெட்டியே காதைத் தீட்டிக்கொண்டு எங்கள் பக்கம் சாய்ந்தது. சிஸ்டர் மெதுவாக ஒருமுறை இமைத்தார்.

"என்னக் கேட்டா?" என்றார். "அந்த வரி உன்னுதுப்பா. கொல்றவ சொல்ற வரியா, மத்தவங்க சாவ மனசு கேக்காதவ சொல்ற வரியான்னு நீதான சொல்லணும்?"

பெட்டியில் இருந்த அத்தனை முகங்களும் திரும்பி என்னைப் பார்த்தன. வண்டி ஊதியது. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சிஸ்டர் காத்திருந்தார், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரி. ஜன்னலோடு கூடவே பிளாட்பாரத்தின் முடிவுவரை ஓடினேன். பல் நாற்காலியில் கிடக்கிறவன் மாதிரி, திறந்த வாயை மூடவே இல்லை.